ஏற்றிய நாள் கணக்கில் இல்லை

மருமகளை ஊசியால் குத்து என்று டாக்டரே சொல்லிவிட்டால் எந்த மாமியாருக்குத்தான் கசக்கும்? ஆனால் தையல்காரம்மாவுக்குக் கை வரவில்லை. முப்பது வருஷம் ஊசியோடு குடித்தனம் நடத்தியவள். கண்ணை மூடிக்கொண்டு பட்டனுக்குக் காஜா எடுப்பாள். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணி வெட்டுகிற மேஜைமேல் குப்புறப் படுத்திருந்த மருமகளின் இடுப்புக்குக் கீழே தையல் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள். கட்டத்தை நாலாகப் பிரித்து, மேல்பக்கம் வெளிமூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அப்புறம் சிரிஞ்சும் கையுமாகச் சிலை மாதிரி நின்றுவிட்டாள்.

"அத்தை, குத்துறீங்களா, இல்ல நான் எழுந்து அடுப்பைப் பாக்கட்டுமா?"

"இருடி. துணின்னா தப்பாப் போனா பிரிச்சுத் தைக்கலாம். உன்னை எங்க கொண்டுபோய்ப் பிரிக்கிறது?"

"ஆறு ஆரஞ்சைக் குத்திப் பழகினீங்களே?"

"ஆரஞ்சு என்னைத் திரும்பிப் பாத்து முறைக்கலையே."

புருஷன்காரன், கோழிக்குஞ்சு வேன் ஓட்டுகிறவன், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ஸ்பிரிட் பஞ்சைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தான். ரோட்டில் லாரிக்காரனோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பான்; ஊசியைக் கண்டால் மட்டும் உட்கார இடம் தேடுவான்.

"ஆச்சாம்மா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா."

"ஆச்சுன்னு சும்மாவாவது சொல்லுங்களேன். எனக்குத் தலை சுத்துது."

ஒருவழியாக ஊசி இறங்கியது. எண்ணெய் மருந்து. உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, மெதுவாக ஏற்றி, ஏற்றின இடத்தை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்கும்போது தையல்காரம்மா வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். வேண்டுதலா, வசவா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

தெருவில் கேட்டவர்களுக்கு "இடுப்பு வலி" என்று சொல்லிவைத்திருந்தார்கள். இடுப்பு வலிக்கு மணி பார்த்து ஆறு மணிக்கு ஊசி எதற்கு, ஜன்னலைச் சாத்துவது எதற்கு என்று தெரு தானே கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டது. ஒன்பது வருஷமாகக் குழந்தையில்லாத வீட்டில் எந்த வலிக்கு எந்த மருந்து என்று தெரியாத அளவுக்கு அது பச்சைப்பிள்ளைத் தெரு இல்லை.

மருமகளுக்கு அந்தத் தெரு வைத்திருந்த பெயர் டார்ச்சு. கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் முட்டைக்கு வெளிச்சம் பார்க்கிற வேலை. இருட்டறையில் அடியில் விளக்கு எரியும் மேஜை. அதன்மேல் நூற்றைம்பது முட்டை கொண்ட தட்டு. உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரிக் கால் பரப்பியிருந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமில்லாமல் பளிச்சென்று தெரிந்தால் வெத்து. மோதிரம் மாதிரி ஒரு ரத்த வளையம் தெரிந்தால், உயிர் வந்து பாதியில் போனது என்று அர்த்தம். ஒரு முட்டைக்கு ஒரு நொடி. அவள் கை எடுத்துப் போட்டால் போட்டதுதான், இன்னொருத்தர் சரிபார்க்க வேண்டியதில்லை. "எட்டாயிரம் முட்டைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றவளுக்குத் தனக்குள்ள என்னன்னு தெரியலையே" என்று ரொட்டிக் கடைக்காரி ஒரு தடவை சொன்னாள். டார்ச்சு அப்போதுதான் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். காதில் விழாத மாதிரி வந்துவிட்டாள். வந்து, மாமியார் தைத்து வைத்திருந்த தலையணை உறையைப் பல்லால் கடித்து அழுதாள். மாமியார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி புது உறை ஒன்று வெட்டினாள்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் அவள் முட்டையையும் அவன் விந்தையும் சேர்த்து மூன்று கரு உண்டாக்கி, ஐந்து நாள் வளர்த்து, குளிரில் உறைய வைத்திருந்தார்கள். முதல் கருவை உள்ளே வைத்தார்கள், ஒட்டவில்லை. இரண்டாவதும் ஒட்டவில்லை. மூன்றாவதுதான் கடைசி. அவளிடம் முட்டை வற்றிக்கொண்டு வருகிறது, மறுபடி எடுக்க முயன்றால் கிடைப்பது சந்தேகம் என்று டாக்டரம்மா வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள். இந்தச் சனிக்கிழமை அந்தக் கடைசிக் கருவை வைக்க நாள் குறித்தாகிவிட்டது.

முதல் இரண்டு தடவையும் ஊசிக்குத் தினம் ஆஸ்பத்திரிக்கே போனாள். இரண்டு பஸ் மாற வேண்டும். இந்தத் தடவை ஹேச்சரியில் வேலை நெருக்கடி. மெஷின் எல்லாம் நிரம்பி வழிகிறது, லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியை ஏழு முழத்துக்கு நீட்டுகிறான். அதனால் ஊசி வீட்டிலேயே என்று முடிவானது. போனில் பேசியது ஒரு புது நர்ஸ்.

"அக்கா, சனிக்கிழமை காலைல வரணும். அதுக்கு முன்னாடி அஞ்சு நாள் ஊசி போயிருக்கணும். அஞ்சு நாள், மறந்துடாதீங்க."

"அஞ்சு நாள்தானே? தெரியும்மா. நாள் எண்றதுதான் எங்க பொழப்பே" என்றாள் டார்ச்சு.

உண்மைதான், பொழப்பே அதுதான். ஆனால் அந்தத் தெருவில் நாள் எண்ணுகிற விதமே வேறு. வீட்டுக்கு ஒருத்தராவது ஹேச்சரிக்குப் போகிறவர்கள். முட்டையை மெஷினில் ஏற்றுகிற நாளை அங்கே யாரும் எண்ண மாட்டார்கள். முட்டை சூடு பிடித்து, இருபத்துநாலு மணி நேரம் முழுசாகக் கழிந்தால்தான் ஒரு நாள். ஏற்றிய நாள் சைபர். அப்படி எண்ணினால்தான் இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். இல்லையென்றால் ஒரு நாள் முன்னதாகக் கதவைத் திறந்துவிட்டு முழிக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கு ஹேச்சரிக் கேட்டைத் தாண்டி வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. நாலு நாளில் சட்டை ரெடி என்று தையல்காரம்மா சொன்னால் பக்கத்துத் தெருக்காரர்கள் ஒரு நாள் முன்னாலேயே வந்து நின்று சண்டை போடுவார்கள். "கொடுத்த நாளை யாராவது எண்ணுவாங்களா?" என்று இவள் திருப்பிக் கேட்பாள். மூன்று நாள் லீவு வாங்கினால் வேன்காரன் நாலாவது நாளும் தூங்குவான்.

ஆகவே வெள்ளிக்கிழமை முடிவதற்குள் ஐந்து நாள் ஊறியிருக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையே ஏற்ற வேண்டும் என்று மூன்று பேரும் ஒரே மனசாக முடிவு செய்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒத்துப்போனதே அதிசயம். அந்த அதிசயத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் மாமியாரின் கை தேறியது. செவ்வாய்க்கிழமை சாக்பீஸ் குறி தேவைப்படவில்லை. புதன்கிழமை, அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருக்கும்போதே ஒரு கையால் குத்திவிட்டு மறு கையால் தீயைக் குறைத்தாள். "நர்ஸுக்குப் படிச்சிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்றாள். "நீங்க எங்கயும் போகாம இருந்ததுதான் நான் செஞ்ச பாவம்" என்றாள் மருமகள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டில் காசு கொடுத்து முட்டை வாங்குவதில்லை. ஓடு விரிசல் விட்ட முட்டைகளை ஹேச்சரியில் கொடுப்பார்கள். காலையில் ஆம்லெட், மத்தியானம் அவித்த முட்டை, சாயங்காலம் முட்டை போட்ட சூப். முட்டை சாப்பிட்டு முட்டை பார்த்து முட்டைக்காக ஏங்குகிறோமே என்று அவளுக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

சனிக்கிழமை காலை வேன்காரன் ஹேச்சரி வேனிலேயே இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். பின்னால் மூவாயிரம் குஞ்சு. பத்து மணிக்கு இங்கே முடித்துவிட்டால் மதியத்துக்குள் பண்ணையில் இறக்கிவிடலாம் என்பது அவன் திட்டம். ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தி, காற்றுக்காகப் பின்கதவின் ஜன்னலைத் திறந்துவைத்தான். அவ்வளவுதான், காத்திருக்கிற அறை முழுக்கக் கீச்கீச். குழந்தை வேண்டுமென்று வந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு ஜோடிகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் வரிசையாக எல்லோரும்.

"சகுனம் நல்லா இருக்கு" என்றாள் தையல்காரம்மா, அறைக்கே பொதுவாக.

உள்ளே புது நர்ஸ் காலி மருந்துக் குப்பிகளைக் கேட்டாள். டார்ச்சு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து கொட்டினாள். நர்ஸ் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"அக்கா, ஆறு இருக்கு."

"ஆமா."

"அஞ்சுதானே இருக்கணும்? எப்போ ஆரம்பிச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"திங்கக்கிழமைதானே ஆரம்பிக்கணும்! அஞ்சு நாள்னு சொன்னேனே!"

"அஞ்சு நாள்தாம்மா. ஞாயிறு ஏத்தின நாள். அது எப்படிக் கணக்குல வரும்?" என்றாள் தையல்காரம்மா, சட்டைக்கு வந்தவர்களிடம் பேசுகிற அதே குரலில்.

நர்ஸின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும்தான் டார்ச்சு தானும் குப்பிகளை எண்ணிப் பார்த்தாள். நர்ஸ் குப்பிகளைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற நர்ஸைப் பார்ப்பது எந்த ஆஸ்பத்திரியிலும் நல்லதில்லை.

டாக்டரம்மா வந்தாள். ஒல்லியான, வேகமான பொம்பளை; உட்காராமலே பேசுவாள். இன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

"திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க டாக்டர். குத்தினது நான்" என்றாள் மாமியார்.

"யாரையும் திட்டலம்மா. தேதி போட்டு எழுதிக் கொடுக்காதது எங்க தப்பு. கருவைக் காலைல எட்டு மணிக்கே குளிர்லேர்ந்து வெளிய எடுத்தாச்சு. அதான் இப்போ யோசிக்கணும்."

"ஒரு நாள் கூடப் போனா என்ன டாக்டர்? மருந்துதானே, கொஞ்சம் அதிகமா வேலை செய்யட்டுமே" என்றான் வேன்காரன்.

"அப்படி இல்லப்பா. கருப்பைக்கு உள்பக்கம் ஒரு மெத்தை மாதிரி தோல் இருக்கு. முதல்ல கொடுத்த மாத்திரை அந்த மெத்தையை வளர்த்தது. இந்த எண்ணெய் ஊசி வேற ஹார்மோன். இது போய், வளர்ந்தது போதும், வர்றவங்களுக்கு இடம் தயார் பண்ணுன்னு சொல்லும். சொன்னதும் அந்தத் தோல்ல இருக்கிற மரபணுக்கள் சிலது முழிக்கும், சிலது தூங்கப் போகும். அப்படி வேலை நடந்து நடந்து ஒரு நேரத்துல வாசல் திறக்கும். ஒரு நாள், ரெண்டு நாள்தான். அப்புறம் சாத்திக்கும். கரு அதுக்குள்ள வந்து ஒட்டணும். பொதுவா அந்த நேரம் ஊசி ஆரம்பிச்சு அஞ்சு நாள்ல வரும்."

"அப்போ ஆறாம் நாள்னா?"

"பொதுவா, கொஞ்சம் லேட்."

மாமியார் சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஊசி பிடித்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள், அது தனியாக எங்கேயோ ஓடிவிடும்போல.

டார்ச்சு மட்டும் கேட்டாள். "டாக்டர், எங்ககிட்ட எல்லா முட்டையும் ஒரே மணிக்குப் பொரியாது. ரொம்ப நாள் ஸ்டோர்ல இருந்த முட்டை லேட்டாத்தான் பொரியும். அதுக்குன்னு தனியா நேரம் விடுவோம். என் கருவும் ஒன்றரை வருஷம் குளிர்ல இருந்திருக்கு. அதுவும் லேட்டா இருக்கலாமே?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி.

"கரு லேட் இல்லம்மா. உறைய வச்ச நிமிஷத்துல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் முழிக்கும். ஆனா நீ கேட்டது..." என்று நிறுத்தி, நர்ஸிடம் ஃபைல் கேட்டாள். பக்கங்களைத் தள்ளினாள். ஒரு தாளில் விரல் நின்றது.

"போன வருஷம் உன் கருப்பைத் தோல்ல துளி எடுத்து ஒரு டெஸ்ட்டுக்கு அனுப்பினோமே, ஞாபகம் இருக்கா? எந்த மரபணு முழிச்சிருக்கு, எது முழிக்கலைன்னு பாக்கிற டெஸ்ட்."

"உயிர் போற மாதிரி வலிச்சுதே, அதுவா? மறக்குமா?"

"அதுல அஞ்சாம் நாள் உன் தோல் இன்னும் தயாராகலைன்னு வந்துச்சு. நான்தான் அதைப் பெருசா எடுத்துக்க வேணாம்னு சொன்னேன். அந்த டெஸ்ட்டை நம்பலாமா கூடாதான்னு டாக்டருங்களுக்குள்ளயே சண்டை. ஒரு மாசம் ஒரு மாதிரி வரும், அடுத்த மாசம் வேற மாதிரி வரும்."

"அப்படின்னா எனக்கு வாசல் லேட்டாத் திறக்குதா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உனக்கு அந்த ஹார்மோன் சொல்றது தோலுக்கு மெதுவாக் கேக்குதுன்னா, இன்னிக்குத்தான் சரியான நாள். இல்லன்னா நேத்தே சாத்திருக்கும். ரெண்டு வழி இருக்கு. இன்னிக்கே வச்சிடலாம். இல்லன்னா கருவைத் திரும்ப உறைய வச்சு, அடுத்த மாசம் சரியா எண்ணிப் பண்ணலாம். ஆனா ரெண்டாவது தடவை உறைஞ்சு பொழைக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்துல சொல்லணும்."

வெளியே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. வேன்காரன் பெண்டாட்டியைப் பார்த்தான். "நீ சொல்லு. எது சொன்னாலும் சரி" என்றான். ஒன்பது வருஷத்தில் டிவி சேனலைக்கூட அப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

"அத்தை?"

"என்னைக் கேக்காதடி. நான் இனிமே எண்றதா இல்லை. விரலைக்கூட எண்ண மாட்டேன்."

டார்ச்சு கண்ணை மூடினாள். மூடினால் அவளுக்குத் தெரிவது இருட்டறைதான். அடியிலிருந்து வரும் மஞ்சள் வெளிச்சம், அதன்மேல் வரிசையாக முட்டை. இங்கே வெளிச்சம் பார்க்க வழியில்லை. அந்த எட்டாயிரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி போதும். இந்த ஒன்றுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. தினமும் தட்டுக்கு நாலைந்து முட்டை அப்படி வரும். உயிரா, வெத்தா என்று பிடிபடாது. ஓடு தடிமனாக இருக்கும், இல்லை நிழல் விழும்.

கண்ணைத் திறந்தாள்.

"டாக்டர், சந்தேக முட்டையை நாங்க தூக்கிப் போட மாட்டோம். குளிர்லயும் வைக்க மாட்டோம். திரும்பச் சூட்டுலதான் வைப்போம். வச்சிடுங்க."

"நிச்சயமாவா?"

"கை போற வேகத்துல சொல்லிட்டேன். யோசிச்சா பயம் வந்துடும். இப்பவே வச்சிடுங்க."

டாக்டரம்மா எழுந்தாள். "பத்து நிமிஷத்துல வாங்க" என்றவள் கதவருகே திரும்பினாள். "ஒட்டினாலும் இதனாலதான் ஒட்டுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், தெரியுதா? ஒரு முட்டையை வச்சு மொத்தப் பண்ணைக்கும் கணக்கு எழுத முடியாது."

"ஒட்டட்டும் டாக்டர். காரணத்தை அப்புறமா உக்காந்து பேசிக்கலாம்."

மூன்று நிமிஷ வேலை. ஸ்கேன் திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ அசைந்தது. மெல்லிய குழாய் வந்தது. நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று விழுந்து நின்றது. "இதுக்கு அடியில விளக்கு வச்சுப் பாக்க முடியாதா?" என்று டார்ச்சு கேட்டாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் காலையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

குஞ்சுகள் ஒரு மணி நேரம் தாமதமாகப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. வேன்காரன் டயர் பஞ்சர் என்று சொன்னான். பஞ்சரானவன் எதற்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான் என்று பண்ணைக்காரருக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் காத்திருப்பு. ஊசி தினமும் ஆறு மணிக்கு. டார்ச்சு வேலைக்குப் போனாள். தட்டு தூக்கக் கூடாது என்பதால் தூக்குகிற வேலையைப் பக்கத்துப் பெண் எடுத்துக்கொண்டாள். "இடுப்பு வலி இன்னும் விடலையாக்கா?" என்று அவள் கேட்ட தொனியிலேயே தெருவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று தெரிந்தது. மாமியார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மருமகள் முகத்தைப் பார்ப்பாள்.

"வாந்தி வருதா?"

"இல்ல அத்தை."

"புளிப்பா ஏதாவது?"

"வேணாம்."

"தலையாவது சுத்துதா? ஏதாவது ஒண்ணு பண்ணேன்டி!"

"உங்க பிள்ளைக்குத்தான் சுத்துது. ஊசி நேரத்துல."

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு நேராக வேலைக்கு வந்தாள். ரத்தம் எடுத்த நர்ஸிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டாள். கரு ஒட்டினால்தான் ரத்தத்தில் சுரக்கிற ஒரு ஹார்மோனை அளப்பார்கள். அஞ்சுக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை. நூறைத் தாண்டினால் நல்லது. இரண்டு நாளில் அது இரட்டிக்கவும் வேண்டும். மத்தியானம் வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிடுகிறோம் என்றாள் நர்ஸ். ஹேச்சரிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கிருமி வந்துவிடும் என்று குளித்து, அங்கே கொடுக்கிற உடுப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளேயே விடுவார்கள். வெளியே போவதானாலும் அப்படியே.

அன்றைக்குக் குஞ்சு எடுக்கிற நாள். வெளிச்ச அறையில் வேலை இல்லாததால் அவளையும் குஞ்சு அறைக்கு அனுப்பியிருந்தார்கள். ஈரமான சூடு, ஓட்டுத் தூசி, ஒரே மஞ்சள். இருபதாயிரம் குஞ்சு ஒன்றாகக் கத்தினால் பக்கத்தில் நிற்பவள் பேசுவது வாயசைவுதான். இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தவள் ஏதோ தோன்ற நிமிர்ந்தாள்.

கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புருஷன் நின்றான்.

முகம் விழுந்து கிடந்தது. கண் சிவந்திருந்தது. ஒரு கையைக் கண்ணாடிமேல் பதித்து, "விடு, பரவாயில்லை" என்று தலையை மெதுவாக ஆட்டினான். அவள் கையிலிருந்த குஞ்சுகளைத் தன்னையறியாமல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். 'எவ்வளவு?' என்று உதட்டால் கேட்டாள். அவன் குஞ்சுப் பெட்டி மூடி ஒன்றைத் தூக்கிக் காட்டினான். மார்க்கரால் கோணல்மாணலாக எழுதியிருந்தான்.

412.

அவள் ஒரு தடவை படித்தாள். எழுத்தெழுத்தாக மறுபடி படித்தாள். நாலு. ஒன்று. இரண்டு.

அப்புறம்தான் அவன் முகத்துக்கு அர்த்தம் புரிந்தது. தையல்காரம்மாவுக்கு ஒரு தடவை சர்க்கரை நானூறு போய் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். ரத்தம் என்றால் சர்க்கரை, நானூறு என்றால் ஆபத்து. அந்த வீட்டு ஆம்பளைக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். நர்ஸ் எண்ணைச் சொன்னதுமே மிச்சத்தைக் கேட்காமல் போனை வைத்திருப்பான், மடையன். ஆறுதல் சொல்ல ஓடி வந்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்குக் கிட்டே போய் வயிறு குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெண்டாட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவன் அந்தப் பக்கம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். சொல்லலாம்தான். ஆனால் ஒன்பது வருஷம் காத்திருந்தவன் இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் கால் ஒடிந்துவிடாது. குஞ்சுகளைப் பத்திரமாகப் பெட்டியில் விட்டாள். கையை உடுப்பில் துடைத்தாள். வயிற்றைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள்.

அவன் அவளைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். மூடியைத் தூக்கிக் காற்றில் எறிந்துவிட்டு ஓடினான். அவளிடம் ஓடி வரவில்லை. எதிர்ப்பக்கம், வேனை நோக்கி, அம்மாவிடம்.

சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு, உடுப்பைக் கழற்றி, விதிப்படி தலைக்குக் குளித்து, தன் துணியை மாற்றிக்கொண்டு டார்ச்சு வெளியே வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அதற்குள் ரொட்டிக் கடைக்காரி ஹேச்சரி வாசல்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். தெரு முனையில் தையல்காரம்மா அளவு நாடா கழுத்தில் தொங்க நடுரோட்டில் நின்று யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் இரட்டிக்க வேண்டும், அதற்குள் பேசாதே என்று அவளிடம் யார் சொல்வது?

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றான். வழக்கமாக யாருக்கும் எழுந்திருக்காதவன்.

"இவ்வளவு நேரம் உள்ளயா இருந்தே? அப்போ உனக்கு விஷயமே தெரியாதா?"

அவளுக்கு ஈரத்தலையில் வெயில் இதமாக இருந்தது. தனக்குள்ளேயே அந்த எண்ணை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது. இன்னொருத்தர் வாயால் இன்னும் கேட்கவில்லை.

"தெரியாதேண்ணே" என்றாள் டார்ச்சு, அவன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து. "என்ன விஷயம்? மெதுவாச் சொல்லுங்க."